முதிய நாய்க்கு மருந்து தொடங்கியபின் சத்தியும் உணவு மறுப்பும்: எந்த மருந்தைச் சந்தேகிப்பது?

வெள்ளவத்தைத் தொடர்மாடி (இழையைத் தொடங்கியவர்) – திங்கள், இரவு 8.50

எங்கள் ஜிம்மிக்கு இப்போது 13 வயது. தந்தை லாப்ரடோர், தாய் எங்கள் ஒழுங்கையில் வளர்ந்த உள்ளூர் நாய். நிறை 22 கிலோ. மழை தொடங்கியதிலிருந்து பின்னங்கால்கள் பிடித்துக்கொண்டு, வாசலில் இருக்கும் நான்கு படிகளை ஏறுவதற்குக்கூட நின்று யோசிக்கிறான் என்பதால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். மூட்டுத் தேய்வு என்று சொல்லி மெலொக்சிகாம் பாணி மருந்தை எழுதித் தந்தார். இரண்டு வாரம் அது அருமையாக வேலை செய்தது. மரைன் டிரைவ் வரை நடந்துபோய்க் கடற்காற்றை மோந்துவிட்டு வருகிற பழைய வழக்கம்கூடத் திரும்பியிருந்தது.

ஐந்து நாட்களுக்கு முன் உடம்பு கொதித்தது, மூக்கிலிருந்து ஒரு துளி இரத்தமும் வந்தது. வழமையான வைத்தியர் ஊரில் இல்லாததால் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தைச் சோதித்து, உண்ணிக் காய்ச்சல், எர்லிக்கியா என்றார்கள். டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் காலையும் இரவும் 28 நாட்களுக்கு. இரத்தம் குறைவு என்பதால் இரும்புச்சத்துப் பாணியும். அன்று அங்கே நல்ல கூட்டம். மெலொக்சிகாம் கொடுத்து வருவதை நான் சொல்ல மறந்தேனா, அவர்கள் கேட்க மறந்தார்களா என்று இப்போது நினைவில்லை.

மூன்று நாட்களாகக் காலையில் சத்தி எடுக்கிறான். முதலில் மஞ்சள் நீர், பிறகு வெறும் நுரை. இன்று மதியம் கோழியைக்கூட மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரவு மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. எந்த மருந்தால் இது வருகிறது என்று எப்படி அறிவது? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வயிற்றுக்கு ஏதாவது கொடுக்கலாமா?

கொட்டாஞ்சேனைவாசி – திங்கள், இரவு 9.15

தங்கச்சி, பயப்பட வேண்டாம். எங்கள் வீட்டு நாய்க்கு எந்த மருந்து எழுதினாலும் அதனோடு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலையும் நானே சேர்த்துக் கொடுத்துவிடுவேன். மனிதருக்கு வைத்தியர் எழுதுவதும் அப்படித்தானே. எருமைத் தயிர் இரண்டு கரண்டியும் கொடுங்கள், வயிறு குளிர்ந்துவிடும். முதிய நாய்களுக்கு இரண்டொரு நாள் சத்தி வருவது புதிதல்ல.

மருந்துக்கடை ஓய்வு – திங்கள், இரவு 9.32

கொட்டாஞ்சேனை நண்பர் என்னை மன்னிக்க வேண்டும். இரண்டொரு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் விடயமாக இது எனக்குத் தெரியவில்லை. நான் மிருக வைத்தியர் அல்ல. தெஹிவளையில் 31 வருடம் பாமசி நடத்தியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மகள், இன்று இரவுக்குரிய மெலொக்சிகாமைக் கொடுக்காதீர்கள். மூட்டு வலி மருந்தை ஓர் இரவு தவறவிட்டால் நாய் நொண்டும், அவ்வளவுதான். சத்தி எடுக்கிற, சாப்பிடாத, தண்ணீர் குறைந்த உடலுக்குள் அதே மருந்தை மீண்டும் ஊற்றினால் வயிறும் சிறுநீரகமும் சேர்ந்து அடிபடும். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரொஸ்டகிளாண்டின்களை இந்த வகை மருந்துகள் குறைக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலத்தைச் சுரக்க வைப்பதும், அமிலத்தைத் தணிக்கும் காரத்தை வரவைப்பதும், உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் காப்பதும் அதே புரொஸ்டகிளாண்டின்கள்தான். மெலொக்சிகாம் போன்றவை பழைய மருந்துகளைவிட இதில் கொஞ்சம் தெரிந்தெடுத்து வேலை செய்யும் என்றாலும், அளவு கூடினால் அந்த வேறுபாடு காணாமற்போய்விடும்.

அளவு என்றதும் கேட்கிறேன்: நீங்கள் பாணியை எதால் அளக்கிறீர்கள்? போத்தலோடு வந்த ஊசிக்குழலாலா, வேறொன்றாலா? டொக்சிசைக்கிளினை எத்தனை மணிக்கு, எதனோடு, யார் கொடுக்கிறார்கள்? கொடுத்து எவ்வளவு நேரத்தில் சத்தி வருகிறது? இரும்புச்சத்தை எப்போது கொடுக்கிறீர்கள்? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு இன்றிரவே யாராவது ஒரு வைத்தியருக்கு அழைப்பெடுங்கள். கறுப்பு மலத்தை விடியும்வரை வைத்திருக்க வேண்டாம்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி – திங்கள், இரவு 10.05

ஐயா, உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கை நடுங்கியது.

போத்தலோடு வந்த குழல் முதல் வாரத்திலேயே தொலைந்துவிட்டது. அதன்பின் மனிதருக்கான 5 மில்லிலீற்றர் சிரிஞ்சால் கொடுக்கிறோம். வைத்தியரின் சீட்டில் முதல் நாள் 4.4, அடுத்த நாளிலிருந்து 2.2 என்று இருந்தது, ஆகவே 2.2 வரை இழுத்துக் கொடுத்தோம். இப்போது பார்த்தால் அந்த 2.2 மில்லிகிராம். போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது.

டொக்சிசைக்கிளினைக் காலை ஆறு மணிக்கு அம்மா கொடுக்கிறா. அவ கோயிலுக்குப் போக முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதற்காக, வெறும் வயிற்றில், ஒரு கரண்டி பாலோடு. பிறகு அதே கரண்டியில் இரும்புச்சத்துப் பாணி. சத்தி ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் வருகிறது. இரவுக் குளுசையை நான் சோற்றுக்குள் வைத்துக் கொடுக்கிறேன். இரவில் ஒருநாளும் சத்தி வரவில்லை. இதை எழுதும்வரை இந்த வித்தியாசம் என் கண்ணில் படவில்லை.

மருந்துக்கடை ஓய்வு – திங்கள், இரவு 10.14

2.2 மில்லிலீற்றர் என்றால் 3.3 மில்லிகிராம். அவனுக்கு வேண்டியது ஏறத்தாழ 1.5 மில்லிலீற்றர்தான். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மடங்கு போயிருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. என் கடையில் பட்டம் பெற்றவர்களே இந்த இரண்டு அலகுகளையும் மாற்றி வாசித்ததை நான் பார்த்திருக்கிறேன். நாய்களுக்கென்று வரும் குழல்கள் சிலவற்றில் மில்லிலீற்றரே இருக்காது, உடல் நிறையின் கிலோ கணக்குத்தான் பொறித்திருக்கும். அதைத் தொலைத்துவிட்டு வேறொரு குழலைக் கையிலெடுத்தால் எண்ணின் பொருளே மாறிவிடும்.

பேராதனைப் பழையவர் – திங்கள், இரவு 10.40

நான் மிருக வைத்தியராகப் பணிபுரிகிறேன். நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை என்பதால் இங்கே அளவுகள் தரமாட்டேன். ஆனால் உங்கள் கதையில் மூன்று முடிச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருப்பதால், அவற்றைப் பிரித்துக் காட்டுவது நாளை உங்களுடைய வைத்தியரோடு கதைக்கும்போது உதவும்.

முதலாவது, காலைச் சத்தி. டொக்சிசைக்கிளின் வெறும் வயிற்றில் குமட்டலை உண்டாக்குவது மிகச் சாதாரணம். அது மட்டுமன்று, காய்ந்த குளுசை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும். பூனைகளில் இது நன்கு அறியப்பட்ட ஆபத்து, நாய்களிலும் கவனம் வேண்டும். ஆகவே உணவோடு கொடுத்து, பின்னால் ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீரும் உள்ளே போகவேண்டும். பால் வேண்டாம், சுண்ணாம்புச்சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய திருடன் இரும்புச்சத்து. இரும்பும் டொக்சிசைக்கிளினும் குடலில் சந்தித்தால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உறிஞ்சப்படாமலே வெளியேறும். அதாவது உங்கள் அம்மா அன்போடு ஒரே கரண்டியில் கொடுத்த இரண்டும், வயிற்றையும் குழப்பி, உண்ணிக் காய்ச்சலுக்கான சிகிச்சையையும் காலை வேளையில் பாதியாக்கியிருக்கும். எர்லிக்கியாவில் வரும் இரத்தக் குறைவு பெரும்பாலும் இரும்பு இல்லாததால் வருவதன்று. அந்தப் பாணி தேவைதானா என்றே கேளுங்கள்.

இரண்டாவது, கறுப்பு மலம். இரும்புச்சத்து மலத்தைக் கரும்பச்சையாக அல்லது கறுப்பாக மாற்றும், ஆனால் அது வழமைபோல் கட்டியாகவே இருக்கும். இரைப்பையில் இரத்தம் கசிந்தால் வரும் மலம் தார்போலப் பளபளத்து, ஒட்டி, ஒரு தனி நாற்றத்தோடு இருக்கும். நனைத்த வெள்ளைக் கடதாசியில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். ஓரத்தில் செம்மை கலந்த கபிலம் பரவினால் இரத்தம் என்று எண்ணி உடனே புறப்பட வேண்டும். செம்மை தெரியாவிட்டால் இரத்தம் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. இது அவசரத்தைக் கணிக்க மட்டுமே.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருவது. எர்லிக்கியா, இரத்தத்தை உறைய வைக்கும் இரத்தத் தட்டுக்களைக் குறைக்கும். மூக்கில் வந்த துளி அதன் அடையாளம். தட்டுக்கள் குறைந்த உடலில், இரைப்பைச் சுவரின் காப்பைக் கழற்றும் மருந்தை ஒன்றரை மடங்கு அளவில் கொடுப்பது, கூரை ஒழுகும் வீட்டில் ஓடுகளையும் பிரிப்பதைப் போன்றது. மெலொக்சிகாமை நிறுத்துங்கள். டொக்சிசைக்கிளினை நீங்களாக நிறுத்தாதீர்கள்; நான்கு வாரம் என்பதற்குக் காரணம் இருக்கிறது, இடையில் விட்டால் நோய் ஒளிந்திருந்து திரும்ப வரும்.

கொட்டாஞ்சேனை நண்பரின் எருமைத் தயிரையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கொழுப்பு அதிகம், முதிய நாயின் கணையத்துக்கு அது இன்னொரு சோதனை.

மட்டக்குளி மூலிகை – செவ்வாய், காலை 5.55

இங்கிலிஷ் மருந்து ஒன்றின் கேட்டுக்கு இன்னொன்று, அதன் கேட்டுக்கு வேறொன்று என்று போய்க்கொண்டே இருப்பதுதான் இதன் முடிவு. எங்கள் அப்பப்பா காலத்தில் நாய்க்கு மஞ்சளும் வேப்பிலையும் இரண்டு பல் உள்ளியும் இடித்துக் கொடுத்தார்கள். அவை எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு வாரம் அதைக் கொடுத்துப் பாருங்கள்.

மருந்துக்கடை ஓய்வு – செவ்வாய், காலை 7.20

ஐயா, அப்பப்பா காலத்து நாய்களில் பிழைத்தவற்றை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். வேப்பிலையைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் உள்ளியும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்து கிடக்கும் நாய்க்கு அதை இடித்துக் கொடுக்கச் சொல்வதை எதிர்த்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சம்பலும் குழம்பும் கலந்த சோற்றை நாய்க்கு வைக்கக்கூடாது என்பதும் அதனால்தான்.

வீட்டிலுள்ள மனித மருந்துகளையும் இதோடு சொல்லிவிடுகிறேன். நாய் முனகுகிறது என்று டைக்ளோபெனாக்கையோ இபுபுரோபனையோ வாங்கிப்போய்க் கொடுத்து, மூன்றாம் நாள் இரத்தச் சத்தியோடு ஓடிவந்தவர்களை என் கடையில் கண்டிருக்கிறேன். பரசிட்டமோலைக்கூட வைத்தியர் அளவு சொல்லாமல் நாய்க்குத் தொடவேண்டாம். பூனைக்கோ அது ஒரு குளுசையே உயிரெடுக்கும்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி – செவ்வாய், பிற்பகல் 2.30

இரவு கடதாசியில் தேய்த்தபோது செம்மை தெரிந்தது. ஓட்டோ ஒன்றைப் பிடித்து, 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு சிகிச்சை நிலையத்துக்கு 11.30க்கே கொண்டுபோய்விட்டோம். இந்த இழையைத்தான் அங்கே வாசித்துக் காட்டினேன். எழுதி வைத்திருந்த நேரக்கணக்கைப் பார்த்துவிட்டு, பாதிக் கேள்விகளைக் கேட்கவே தேவையில்லை என்றார் அந்த இளம் வைத்தியர்.

இரத்தத் தட்டுக்கள் 58,000. நாய்களுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் 1.9, இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட. ஈரல் சரி. சேலைன் ஏற்றி, சத்தி நிற்க ஊசி போட்டார்கள். மெலொக்சிகாமும் இரும்புச்சத்தும் நிறுத்தம். ஒமெப்ரசோல் காலையும் மாலையும், உணவுக்கு அரை மணி முன். சுக்ரால்பேட் குளுசையைத் தண்ணீரில் கரைத்து. டொக்சிசைக்கிளின் தொடர்கிறது.

இப்போது என் தலைவலி, இத்தனையையும் எந்த வரிசையில் கொடுப்பது என்பதுதான்.

பேராதனைப் பழையவர் – செவ்வாய், மாலை 6.10

நேற்றிரவே போனது நல்ல முடிவு. வரிசையைக் குறித்து: சுக்ரால்பேட் இரைப்பைப் புண்ணின்மேல் பசைபோலப் படிந்து காப்பது, அதில் அலுமினியம் இருப்பதால் அதுவும் டொக்சிசைக்கிளினைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே டொக்சிசைக்கிளினை முதலில் உணவோடு கொடுத்துவிட்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டே சுக்ரால்பேட். காலை ஆறுக்கு ஒமெப்ரசோல், ஆறரைக்குக் கஞ்சியோடு டொக்சிசைக்கிளின், ஒன்பதுக்குச் சுக்ரால்பேட் என்று ஒரு நாளை அமைக்கலாம், மாலையும் அப்படியே. உங்கள் வைத்தியரிடம் இதைக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, கொடுத்தவர் கையெழுத்திடட்டும். ஒரே மருந்தை இரண்டு பேர் கொடுத்துவிடுவதும், மற்றவர் கொடுத்திருப்பார் என்று இருவரும் விட்டுவிடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பவை.

கொட்டாஞ்சேனைவாசி – செவ்வாய், இரவு 7.45

டொக்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கடைசியில் அவர்களும் ஒமெப்ரசோலைத்தானே எழுதினார்கள்? அப்படியானால் நான் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுப்பதில் என்ன பிழை?

பேராதனைப் பழையவர் – செவ்வாய், இரவு 9.00

கோபமில்லை. இந்தக் கேள்வியை நாளுக்கு ஒருவராவது கேட்கிறார்கள்.

இரைப்பையில் புண் இருக்கும்போது, அல்லது இருக்கிறது என்று நம்பக் காரணம் இருக்கும்போது, ஒமெப்ரசோல் நல்ல மருந்து. நாய்களுக்கு நாளுக்கு இருமுறை கொடுத்தால்தான் அமிலம் போதியளவு அடங்கும். ஃபமோடிடின் வகை அமில மருந்துகள் சில நாட்களிலேயே வலுவிழந்துவிடும். புண் இல்லாத நாய்க்குக் காப்பாக இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் கொடுப்பதற்கு மட்டும் நல்ல சான்று இல்லை. ஒமெப்ரசோல் காப்பது இரைப்பையை. வலி மருந்தின் கேடு சிறுகுடலிலும் நடக்கும், அங்கே அமிலத்தை அடக்குவதால் பயனில்லை; குடலிலுள்ள நுண்ணுயிர்களின் சமநிலையும் மாறும். மெலொக்சிகாம் வகையைச் சேர்ந்த வலி மருந்தான கார்ப்ரோபனோடு ஒமெப்ரசோலையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020ஆம் ஆண்டு வந்தது; அதில் நாய்களின் குடல் அழற்சிக் குறியீடு கூடியதே தவிரக் குறையவில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிடப் பொங்கும் என்பதால் படிப்படியாகக் குறைக்கவும் வேண்டும்.

எனக்கு இதில் இன்னொரு மனக்குறை உண்டு. வயிற்று மருந்து சத்தியை மறைத்துவிடுகிறது. உங்கள் நாய் சத்தி எடுத்துச் சொல்ல வந்த செய்தியை நீங்கள் கேட்காமலே போகலாம்.

கொட்டாஞ்சேனைவாசி – செவ்வாய், இரவு 9.20

சரி, டொக்டர். எங்கள் வீட்டுப் பெட்டையின் மருந்துப் பெட்டியை நாளைக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

கிருலப்பனை மூன்று நாய் – புதன், காலை 10.10

அக்கா, சமையல் பக்கத்தை நான் எழுதுகிறேன். மூன்று கிழவர்களை வைத்துக்கொண்டு இதில் நல்ல பயிற்சி வந்துவிட்டது.

பச்சையரிசியைக் குழையக் கஞ்சியாகக் காய்ச்சி, தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சியை அவித்துப் பிய்த்துப் போடுங்கள். உப்பு, மிளகு, கறிவேப்பிலை ஒன்றும் வேண்டாம். வழமையான ஒரு சட்டியை ஐந்து ஆறாகப் பிரித்து நாள் முழுக்கக் கொடுங்கள். வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று முன்பு 24 மணி நேரம் பட்டினி போடுவார்கள். முதிய நாய்க்கு, அதுவும் மருந்து விழுங்க வேண்டியவனுக்கு, அது சரிவராது. மலம் இளகியிருந்தால் அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். இந்தப் பத்திய உணவில் எல்லாச் சத்தும் இல்லை. ஆகவே ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டாமல், பழைய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து திரும்புங்கள்.

செவ்விளநீர் கொடுக்கச் சொல்லி யாராவது நிச்சயமாக வருவார்கள். சிறுநீரகம் சரியில்லாத நாய்க்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது என்று என்னுடைய வைத்தியர் தடுத்தார்.

குளுசையை ஒளிப்பதற்கு ரோஸ் பாணின் நடுப்பகுதியைப் பிசைந்து மூன்று உருண்டை செய்வேன். முதல் உருண்டை வெறும் பாண், இரண்டாவதில் குளுசை, மூன்றாவதை மூக்குக்கு முன்னால் காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுக்க வேண்டும். மூன்றாவதற்கு அவசரப்பட்டு இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுவான். மெட்ரோனிடசோல் கொடுத்தபோது மட்டும் இது தோற்றது. பாதியாக உடைத்த குளுசையின் கசப்புப் பட்டதும் வாய் முழுக்க நுரை தள்ளினான், நானோ வலிப்பு என்று அழுதேன். வெற்றுக் கப்சூல் கூட்டுக்குள் அடைத்துக் கொடுத்ததும் நின்றுவிட்டது.

பேராதனைப் பழையவர் – புதன், நண்பகல் 12.30

அருமையான பதிவு. ஓர் ஒட்டு மட்டும்: மெட்ரோனிடசோலில் நுரை தள்ளுவது கசப்பால், ஆனால் சில நாட்கள் கழித்து நாய் தள்ளாடினால், கண்மணி இடதும் வலதுமாகவோ மேலும் கீழுமாகவோ துடித்தால், அது மருந்து மூளையைத் தொட்டதன் அடையாளம், உடனே நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும். அதுபோல் உண்ணிக் காய்ச்சலின் இன்னொரு வகைக்கு இமிடோகார்ப் ஊசி போட்டால், சிறிது நேரத்தில் எச்சில் ஒழுகிச் சத்தி வரலாம். முன்கூட்டியே அற்றோபின் போடுவது அதற்காகத்தான். அந்தச் சத்தி தானாக அடங்கிவிடும். ஜிம்மியின் சத்தியோ ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டு போனது.

முதிய நாய்களில் நீர் குறைந்திருப்பதைப் பார்க்கக் கழுத்துத் தோலை இழுத்துப் பார்க்க வேண்டாம். வயது போனால் நீர் நிறைந்திருந்தாலும் தோல் மெதுவாகத்தான் திரும்பும். முரசை, அதாவது பல் ஈறை, தொட்டுப் பாருங்கள், ஒட்டினால் நீர் போதாது. விரலால் அழுத்தி எடுத்தபின் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி – மூன்று வாரத்துக்குப் பின், ஞாயிறு, மாலை 5.15

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். சத்தி நான்காம் நாளே நின்றது. மலம் ஒரு வாரத்தில் பழைய நிறத்துக்கு வந்தது. டொக்சிசைக்கிளின் இன்னும் இரண்டு நாட்கள் இருக்கிறது. போன வாரச் சோதனையில் தட்டுக்கள் 2,10,000, கிரியற்றினின் 1.4. ஒமெப்ரசோலை வைத்தியர் சொன்னபடி நிறுத்தியாயிற்று.

மூட்டு வலிக்கு இப்போது கபபென்டின். முதல் நான்கு நாட்கள் குடித்தவன்போலத் தள்ளாடினான், பகலெல்லாம் தூங்கினான். எதிர்பார்த்ததுதான், உடம்பு பழகிவிடும் என்றார், பழகியும்விட்டது. தள்ளாடும் நாய்க்கு எங்கள் வீட்டு மாபிள் தரை பெரிய எதிரி என்பதால், சமையலறையிலிருந்து பல்கனி வரை தும்புப் பாய்களை விரித்து ஒரு பாதை போட்டிருக்கிறோம். அம்மா அதற்குக் காலி வீதி என்று பெயர் வைத்திருக்கிறா. நிறையை 20 கிலோவுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்; மாரி பிஸ்கட் கொடுப்பதை அம்மா நிறுத்துவாவா என்பதில்தான் அது தங்கியிருக்கிறது.

மெலொக்சிகாமை இனி ஒருபோதும் கொடுக்கக்கூடாதா என்று கேட்டேன். மருந்தைக் குற்றவாளியாக்க வேண்டாம், அளவும் உண்ணிக் காய்ச்சலும் சேர்ந்து செய்த வேலை இது, மழைக்காலத்தில் வலி கூடினால் இரத்தத்தைச் சோதித்துவிட்டு யோசிக்கலாம் என்றார். அப்படித் தொடங்கினாலும் சில வாரத்தில் ஒருமுறையும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் பார்க்க வேண்டுமாம். எனக்கு இன்னும் அந்தப் போத்தலைப் பார்க்கப் பயம்.

மருந்துக்கடை ஓய்வு – ஞாயிறு, மாலை 6.00

மனம் குளிர்ந்தது, மகள். அந்தப் பழைய போத்தலை வைத்திருக்க வேண்டாம். திறந்த பாணிக்கு ஆயுள் குறைவு. புதிதாக எழுதினால் அதனோடு வரும் குழலை நூலால் போத்தலிலேயே கட்டிவிடுங்கள். கபபென்டினைப் பாணியாக வாங்க நேர்ந்தால் இனிப்புக்கு சைலிற்றோல் சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளைப் பாருங்கள். மனிதருக்கான சில பாணிகளில் அது உண்டு, நாய்க்கு நஞ்சு.

நுகேகொடைப் புதியவர் – ஞாயிறு, இரவு 8.35

வணக்கம். இந்த இழையை இப்போதுதான் முழுவதுமாக வாசித்தேன். எங்கள் நாய்க்கு 11 வயது. தோல் அரிப்புக்கு ஆறு வாரமாகப் பிரெட்னிசொலோன் குளுசை கொடுக்கிறோம். அதனால் தாகமும் பசியும் சிறுநீரும் கூடியிருக்கின்றன என்பதைத் தவிர வேறு குறை இல்லை. நேற்று நொண்டினான் என்று, பக்கத்து வீட்டு அன்ரி தன் நாய்க்கு வாங்கிய கார்ப்ரோபனில் மூன்று குளுசைகள் தந்தா. ஒன்றை இன்று மதியம் கொடுத்துவிட்டேன். அடுத்ததை இரவு ஒன்பதுக்குக் கொடுக்கச் சொன்னா.

பேராதனைப் பழையவர் – ஞாயிறு, இரவு 8.41

கொடுக்காதீர்கள். பிரெட்னிசொலோனும் இந்த வலி மருந்துகளும் ஒன்றாக ஓடக்கூடாது. இரைப்பையில் புண் விழுவதோடு நில்லாமல் துளையே விழலாம். அதற்காகப் பிரெட்னிசொலோனை இன்றே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், ஆறு வாரம் கொடுத்ததைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதை எழுதிய வைத்தியருக்கு இப்போதே அழைப்பெடுத்து, எந்த நேரத்தில் எத்தனை மில்லிகிராம் கார்ப்ரோபன் போனது என்று சொல்லுங்கள். சத்தி, வயிற்றைத் தொட்டால் உறுமுதல், கறுப்பு மலம், முரசு வெளுத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அழைப்புக்குக் காத்திராமல் கொண்டுபோங்கள்.

நுகேகொடைப் புதியவர் – ஞாயிறு, இரவு 9.25

கதைத்துவிட்டேன். இரண்டாவது குளுசை கொடுக்கவில்லை. இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறான், சோறு சாப்பிட்டான், முரசு இளஞ்சிவப்பு. நாளை காலை எட்டரைக்குக் கொண்டுவரச் சொன்னார். மிச்சம் இரண்டு குளுசைகளையும் அன்ரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவவுடைய நாய்க்கும் இரத்தம் சோதித்ததில்லையாம், நாளைக்கு அவவும் எங்களோடு வருகிறா.